ஈட்டி வளையாமல் இங்கிலாந்து போக

கேள்வி: சின்ன உலோக வீரர்களை வைத்துப் பண்டைய போர்களை மேசையில் ஆடும் டிபிஏ போட்டிக்கு முதன்முறையாக இங்கிலாந்து போகிறேன். படையை எப்படிக் கொண்டுபோவது?

பதில்: செக்-இன் பெட்டியில் மட்டும் போடாதீர்கள், கையோடு வைத்துக்கொள்ளுங்கள். டிபிஏவில் ஒரு படைக்கு 12 பிரிவுகள்தான், 15 மில்லிமீட்டர் வீரர்கள் என்றால் மொத்தமும் ஒரு டிபன் பாக்ஸுக்குள் அடங்கிவிடும். ஒவ்வொரு பிரிவின் வீரர்களும் ஒட்டப்பட்டிருக்கும் அடிப்பலகைகளுக்குக் கீழே காந்தத் தாள் ஒட்டி, தகர டப்பாவில் நிறுத்துங்கள், குலுக்கினாலும் நகராது. நான் ஒருமுறை பஞ்சில் சுற்றி எடுத்துப்போய், நார் சிக்கி மாசிடோனியர்களின் நீள ஈட்டிகள் எல்லாம் வளைந்து, ஆட்டத்துக்கு முந்தின இரவு ஒவ்வொன்றாக விரல் நுனியால் நிமிர்த்தினேன், அதில் இரண்டு ஒடிந்தே போயின. மனசு கேட்கவே இல்லை.

ஸ்கேனரில் உலோகக் குவியலைப் பார்த்துத் திறக்கச் சொல்லலாம், பதறாமல் காட்டுங்கள். ஸ்ப்ரே வார்னிஷ் விமானத்தில் கூடாது. மேசையில் வைக்கும் குன்று, காடு மாதிரிகள் அங்கேயே கிடைக்குமா என்று நடத்துபவர்களிடம் முன்பே கேளுங்கள். அப்புறம், பொதுவாக நாலு பிரிவை இழந்தால் தோல்விதான், ஆட்டம் சீக்கிரம் முடிந்துவிடும், அதனால் கடிகாரம் வைத்து ஒரு மணி நேரத்துக்குள் ஆடி முடிக்கப் பழகிவிட்டுப் போங்கள்.