ஆண்ட்ராய்டு போனும் 8 ஜிபி ராம் லேப்டாப்பும்தான் இருக்கின்றன. வீடியோ எடுப்பது, எடிட்டிங், கதை சொல்வது மூன்றையும் எங்கிருந்து கற்கத் தொடங்குவது? எந்தக் கேமரா வாங்கலாம்?

இப்போதைக்குக் கேமரா வாங்க வேண்டாம். உங்களிடம் இருக்கும் ஆண்ட்ராய்டு போனும் லேப்டாப்பும் முதல் ஐந்தாறு படங்களுக்குத் தாராளமாகப் போதும். புதிதாக எடுப்பவர்கள் தடுமாறுவது பெரும்பாலும் எடிட்டிங்கில் உட்காரும்போதுதான். ஒரு ஷாட்டுக்கு அடுத்து ஒட்ட இன்னொரு ஷாட் இருக்காது. அதனால் வெட்டி ஒட்ட என்ன வேண்டும் என்று தெரிந்துகொண்டு, அதை எடுக்கப் பழகுங்கள். மூன்றையும் தனித்தனிப் பாடமாகப் படிக்க வேண்டியதில்லை. ஒரே ஒரு 3 நிமிடப் படத்தை முடித்தால் மூன்றும் சேர்ந்து கைக்கு வரும்.

எதைப் பற்றி எடுப்பது? கையால் ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்யும் ஒருவரைத் தேர்ந்தெடுங்கள். தெருமுனையில் மல்லிகை கட்டி விற்கும் அக்கா ஒருவர் என்று வைத்துக்கொள்வோம். இரண்டு மொட்டு இந்தப் பக்கம், இரண்டு மொட்டு அந்தப் பக்கம், நூலை ஒரு சுற்று, ஒரு முடிச்சு. சில நொடிகளுக்கு ஒருமுறை அதே அசைவு வருகிறது. முதல் முடிச்சைத் தூரத்திலிருந்தும் பத்தாவது முடிச்சை நெருக்கத்திலும் எடுத்தால், இரண்டு கேமரா வைத்து எடுத்ததுபோல வெட்டலாம். "இன்னொரு தடவை செய்யுங்கள்" என்று யாரையும் நடிக்கவைக்க வேண்டிய தேவையே வராது. முதல் நாளே இசையமைத்த குறும்படம், வசனம், நான்கு நடிகர்கள் என்று இறங்குகிறவர்கள் பாதியில் விடுவதற்கு ஒரு காரணம் இந்த வசதி அவர்களுக்கு இல்லாதது.

எடுக்கப் போகும் முன் அனுமதி கேளுங்கள். எதற்காக எடுக்கிறீர்கள், எங்கே போடப்போகிறீர்கள் என்பதைச் சொல்லுங்கள். வியாபாரம் சூடாக இருக்கும் நேரத்தில் குறுக்கே நிற்காதீர்கள்.

கதை இங்கே எங்கிருந்து வருகிறது? ஒருவருக்கு ஒன்று வேண்டும், அதற்கு ஒரு தடை இருக்கிறது, கடைசியில் ஏதோ ஒன்று மாறியிருக்கிறது. இந்த மூன்றும் இருந்தால் கதை ஆகிவிடும். மல்லிகையில் அந்தத் தடை பூவுக்குள்ளேயே இருக்கிறது. விடியற்காலையில் பறித்த மொட்டு மாலையில் மலரத் தொடங்கிவிடும். மலர்ந்துவிட்டால் விலை போகாது. ஆகவே கூடை தீருமா, பூ முந்துமா என்பதுதான் உங்கள் படம். இதை ஒரே வரியில் தாளில் எழுதிச் சட்டைப் பையில் வைத்துக்கொள்ளுங்கள். எடுக்கும்போது எந்த ஷாட் வேண்டும், வெட்டும்போது எது வேண்டாம் என்பதற்கு அந்த வரிதான் பதில் சொல்லும். "பூக்காரர்களின் வாழ்க்கை" என்று எழுதினால் எதை விடுவது என்றே தெரியாது.

இனி போன் அமைப்புகள். 1080பி போதும், 4கே எடுத்தால் 8 ஜிபி லேப்டாப் திணறும். வீடியோ வடிவத்தில், அதாவது கோப்பைச் சுருக்கும் முறையில், எச்.265 அல்லது ஹெச்இவிசி என்று இருந்தால் எச்.264-க்கு மாற்றுங்கள். கோப்பு பெரிதாகும், ஆனால் எடிட்டிங்கில் இழுத்து இழுத்து ஓடாது. அமைப்புகளை நீங்களே வைக்கும் புரோ மோடில் ஷட்டரை, அதாவது ஒவ்வொரு படத்துக்கும் ஒளி விழும் நேரத்தை, 1/50 அல்லது 1/100 நொடியில் வையுங்கள். நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், அதனால் விளக்கு நொடிக்கு 100 முறை ஏறி இறங்குகிறது. ஷட்டர் 1/60-ல் இருந்தால் டியூப் லைட், மலிவான எல்இடி விளக்கின் கீழே படத்தில் பட்டை பட்டையாக ஓடும். அதை எடிட்டிங்கில் சரிசெய்வது பெரும்பாடு. வெயிலில் 1/50 வைத்தால் போனில் எல்லாம் வெளிறிவிடும், அங்கே ஷட்டரைத் தானாக ஏற விடலாம். திரையில் தெரியும் முகத்தின் மேல் விரலை அழுத்திப் பிடித்து ஃபோகஸையும் எக்ஸ்போஷரையும் (வெளிச்ச அளவு) லாக் செய்யுங்கள். ஒயிட் பேலன்ஸ் (வெள்ளை வெள்ளையாகத் தெரிய நிறத்தைச் சரிசெய்வது) ஆட்டோவில் இருந்தால் மஞ்சள் புடவை ஒருவர் குறுக்கே போனதும் நிறம் மாறும், அதையும் பூட்டுங்கள். விரலால் ஜூம் செய்ய வேண்டாம், கால் நடந்து கிட்டே போகட்டும்.

ஷாட் எடுக்கும் முறை: வைட் (முழு இடமும் தெரிய), மிட் (இடுப்புக்கு மேல்), முகம் குளோசப், கை குளோசப், அவர் தோளுக்குப் பின்னாலிருந்து அவர் பார்ப்பது. ஒவ்வொன்றையும் அசையாமல் 10 நொடி பிடியுங்கள். மனதுக்குள் ஒன்று முதல் பத்து வரை எண்ணுங்கள், ஏனென்றால் புதிதில் 3 நொடியே 10 நொடிபோலத் தோன்றும். படத்தில் 3 நொடிதான் பயன்படும். ஆனால் எந்த 3 நொடி என்பது வெட்டும்போதுதான் தெரியும். நின்ற உயரத்திலேயே எல்லாவற்றையும் எடுக்காதீர்கள். அவர் தரையில் உட்கார்ந்திருந்தால் நீங்களும் தரையில் உட்காருங்கள். இந்த ஒரு மாற்றமே படத்தின் மரியாதையை உயர்த்தும்.

ஒன்றில் கண்டிப்பாக இருக்க வேண்டும். பூக்கார அக்காவுக்கும் வாடிக்கையாளருக்கும் நடுவே ஒரு கோடு இருப்பதாக நினைத்து, அதன் ஒரே பக்கத்தில் நில்லுங்கள். கோட்டைத் தாண்டி எடுத்தால், இடப்பக்கம் பார்த்தவர் அடுத்த ஷாட்டில் வலப்பக்கம் பார்ப்பார். இருவரும் ஒரே திசையைப் பார்த்துப் பேசுவதுபோல ஆகிவிடும். நம்மவர்கள் செட்டில் 'லுக் மாறிடுச்சு' என்று சொல்வது இதைத்தான்.

சத்தத்துக்கு மட்டும் கொஞ்சம் பணம் செலவழிக்கலாம். கேமரா வாங்க வைத்திருக்கும் தொகையில் சிறு பங்கு போதும், ஒரு ஒயர் காலர் மைக் வாங்குங்கள். படம் கொஞ்சம் மங்கலாக இருந்தால் பொறுத்துப் பார்ப்பார்கள், பேச்சு கேட்காவிட்டால் போய்விடுவார்கள். வாங்கும்போது பிளக்கைக் கவனியுங்கள்: போனுக்கு மூன்று கருப்பு வளையம் உள்ளது வேண்டும், கேமராவுக்கானதில் இரண்டுதான் இருக்கும். இரண்டு வளையம் உள்ளதைச் செருகினால் போன் தன் சொந்த மைக்கிலேயே பதிவு செய்துகொண்டிருக்கும், உங்களுக்குத் தெரியவே தெரியாது. போனில் ஹெட்போன் செருகும் ஓட்டையே இல்லையென்றால் டைப்-சி மைக். மோவாய்க்கு ஒரு சாண் கீழே மாட்டுங்கள், தாலிக்கொடி உரசாத இடமாக. மைக் தூரம் இரண்டு மடங்கானால் குரல் ஏறக்குறைய 6 டெசிபல் விழும், பஸ் சத்தமோ அப்படியே இருக்கும். அதனால்தான் மூன்றடி தள்ளிப் பிடித்த போனில் பேச்சு அமுங்கிப் போகிறது. அக்காவிடம் எடுக்கும் பேட்டியைக் கூட்டமில்லாத மதிய நேரத்தில் வையுங்கள். கடைசியில் யாரும் பேசாமல் 30 நொடி அந்த இடத்தின் சத்தத்தை மட்டும் பதிவு செய்யுங்கள். பேச்சை வெட்டிய இடங்களில் 'டப்'பென்று விழும் வெறுமையை அடைக்க அது வேண்டும்.

கேள்வி கேட்கும்போது "கஷ்டமா இருக்கா?" என்றால் "ஆமா" என்ற ஒரு சொல்தான் கிடைக்கும். "நேத்து கூடை எத்தனை மணிக்குத் தீர்ந்துச்சுக்கா? தீர்ற வரைக்கும் என்ன பண்ணீங்க?" என்று கேளுங்கள், சம்பவம் வரும். அவர் முடித்த பிறகும் இரண்டு நொடி பேசாமல் இருங்கள். பல நேரம் சொல்லவேண்டியதை மக்கள் அந்த இடைவெளியில்தான் சொல்வார்கள்.

லேப்டாப்புக்குக் கோப்புகளைக் கேபிளில் மாற்றுங்கள். வாட்ஸ்அப்பில் சாதாரண வீடியோவாக அனுப்பினால் சுருங்கிக் கெட்டுவிடும். இரண்டு இடத்தில் நகல் இருக்கும்வரை போனில் அழிக்காதீர்கள். மென்பொருளில் டாவின்சி ரிசால்வ் இலவசப் பதிப்பு மிகச் சிறந்தது, ஆனால் அது 16 ஜிபி ராம் எதிர்பார்க்கும். உங்கள் லேப்டாப்புக்கு ஷாட்கட் அல்லது கேடென்லைவ் சரியாக இருக்கும், இரண்டும் இலவசம். தொடங்கும்முன் ஒரு வேலை: போன்கள் ஃபிரேம் வேகத்தை (நொடிக்கு எத்தனை படம் என்பதை) உள்ளுக்குள் கூட்டிக் குறைத்துப் பதிவு செய்கின்றன. அதனால் நீளமான பேட்டியில் உதடும் குரலும் மெல்ல விலகும். ஹேண்ட்பிரேக் என்ற வீடியோ மாற்றும் இலவச மென்பொருளில் 'கான்ஸ்டன்ட் ஃபிரேம்ரேட்' (மாறாத வேகம்) தேர்ந்தெடுத்து ஒருமுறை மாற்றிவிட்டு அந்தக் கோப்புகளை எடிட்டிங்குக்கு எடுங்கள்.

டைம்லைனில், அதாவது மென்பொருளில் ஷாட்களை வரிசையாக அடுக்கும் பட்டையில், முதலில் பேச்சை மட்டும் அடுக்குங்கள். 20 நிமிடப் பேட்டியில் இரண்டு நிமிடம் மிஞ்சினால் போதும். கண்ணை மூடிக் கேட்டுப் பாருங்கள், கதை புரிய வேண்டும். அது புரியாமல் மேலே அழகான ஷாட்களைப் போட்டு மூடினால் குறை அப்படியேதான் இருக்கும். பிறகு கை, கூடை, தெரு ஷாட்களை மேல் டிராக்கில் போட்டு, பேச்சின் வெட்டுகளை மறையுங்கள்.

எங்கே வெட்டுவது? வைட் ஷாட்டில் அவர் கை கூடைக்குள் இறங்குகிறது. கை போய்ச் சேர்ந்த பிறகு வெட்டாதீர்கள், பாதி வழியில் வெட்டுங்கள். குளோசப்பை அதே பாதி வழியிலிருந்து தொடங்கி, விரல் மொட்டைக் கிள்ளி எடுக்கட்டும். பார்ப்பவர் கண் அசைவைத் தொடர்ந்து ஓடுவதால் வெட்டு தெரியாது. ஒட்டவில்லையென்றால் இரண்டு ஃபிரேம் முன்னே, இரண்டு ஃபிரேம் பின்னே தள்ளிப் பாருங்கள், ஒரு இடத்தில் சட்டென்று பொருந்தும். அந்தப் பொருத்தத்தை விரலுக்குத் தெரியவைப்பதுதான் எடிட்டிங் பயிற்சி. இரண்டு ஷாட்டும் ஏறக்குறைய ஒரே அளவு, ஒரே கோணமாக இருந்தால் எங்கே வெட்டினாலும் படம் துள்ளியதுபோல ஜம்ப் அடிக்கும். கோணம் 30 டிகிரியாவது மாற வேண்டும் என்று சொல்வது இதற்காகத்தான்.

ஷாட்டின் வரிசை பொருளை மாற்றும். சோவியத் இயக்குநர் குலெஷோவ் சுமார் நூறாண்டுக்கு முன் ஒரு நடிகரின் ஒரே முகத்தை சூப் கிண்ணம், சவப்பெட்டி, ஒரு பெண் என்று மாற்றி மாற்றி ஒட்டிக் காட்டியது இதைத்தான். நீங்களும் செய்து பாருங்கள். பாதிக் கூடை, அக்கா முகம், எரியத் தொடங்கும் தெருவிளக்கு என்று அடுக்கினால் கவலை. தெருவிளக்கு, காலிக் கூடை, அதே முகம் என்றால் நிம்மதி. முகம் ஒன்றுதான்.

அடுத்த ஷாட்டின் சத்தத்தை அரை நொடி முன்னதாகவே கொண்டுவருவது ஜே கட். கோயில் மணி முதலில் கேட்டுப் பிறகு கோபுரம் தெரிந்தால் மாற்றம் வழுக்கிக்கொண்டு போகும். பேச்சின் உச்சம் மென்பொருளின் ஒலி மீட்டரில் -12 முதல் -6 டெசிபலுக்குள் இருக்கட்டும், 0-வைத் தொட்டால் கிழியும். இசையைக் கடைசியில் சேருங்கள், பேச்சுக்குக் கீழே 15 முதல் 20 டெசிபல் இறக்கி. சினிமாப் பாட்டு போட்டால் உரிமைக் கோரிக்கை வந்துவிடும், யூடியூப் ஆடியோ லைப்ரரியிலிருந்து எடுங்கள். டைட்டிலைத் தமிழில் வைக்கும்போது சில மென்பொருள்களில் கொம்பும் காலும் இடம் மாறி விழும். அப்படியானால் எழுத்தை வேறொன்றில் தட்டச்சு செய்து, பின்னணி இல்லாத பிஎன்ஜி படமாகக் கொண்டுவந்து வையுங்கள்.

ஏற்றுமதி: எச்.264, 1080பி, எடுத்த அதே ஃபிரேம் வேகம், நொடிக்கு 10 மெகாபிட் அளவு, ஒலி 48 கிலோஹெர்ட்ஸ். வெளியிடும் முன், படத்தைப் பற்றி எதுவும் தெரியாத ஒருவரிடம் போட்டுக் காட்டுங்கள். நீங்கள் திரையைப் பார்க்காமல் அவர் முகத்தைப் பாருங்கள். எந்த நொடியில் கண் விலகுகிறதோ குறித்துக்கொண்டு, அதற்கு முந்தைய 10 நொடியில் ஏதாவது ஒரு ஷாட்டை எடுத்துவிட்டு இன்னொருவருக்குக் காட்டுங்கள். கடைசியாக, அந்த அக்காவுக்கும் போட்டுக் காட்டுங்கள். கையில் ஒரு பிரதியையும் கொடுங்கள்.