மேடைக் கொடிக்கு எந்தப் பக்கம்?

கேள்வி: விழா அரங்குக்குள் தேசியக் கொடியை எந்தப் பக்கம் வைப்பது? ஒவ்வொரு முறையும் எங்கள் சங்கத்தில் இதே சண்டை.

பதில்: பேச்சாளருக்கு வலப்பக்கம். அதாவது அவர் கூட்டத்தைப் பார்த்து நிற்கும்போது அவருடைய வலது கை இருக்கும் பக்கம். கீழே உட்கார்ந்திருப்பவர்களுக்கு அது இடதாகத் தெரியும், சண்டையே அங்கேதான் ஆரம்பிக்கிறது. 2002-ஆம் ஆண்டின் இந்தியக் கொடி விதிகளும் சரி, அமெரிக்கக் கொடிச் சட்டமும் சரி, இதைத்தான் சொல்கின்றன. சுவரில் விரித்து மாட்டுவதென்றால் பேச்சாளருக்குப் பின்னால், தலைக்கு மேலே. தயவுசெய்து மேசை விரிப்பாக்கிவிடாதீர்கள், இரண்டு நாட்டிலும் அது கூடாது.

கேள்வி: கொடியைக் கடக்கும்போதெல்லாம் சல்யூட் அடிக்க வேண்டுமா?

பதில்: அப்படியெல்லாம் இல்லை. ஏற்றும்போதும் இறக்கும்போதும், அணிவகுப்பில் கொடி கடந்துபோகும்போதும்தான் அந்த மரியாதை. இந்திய விதிப்படி எல்லோரும் கொடியைப் பார்த்து நிமிர்ந்து நிற்க வேண்டும், சல்யூட் சீருடையில் இருப்பவர்களுக்கு. அமெரிக்காவில் சீருடை இல்லாதவர்கள் வலக்கையை நெஞ்சில் வைப்பார்கள். அந்த நேரத்தில் செல்ஃபி எடுப்பதைப் பற்றி விதியில் தேட வேண்டியதில்லை, போனை உள்ளே வையுங்கள்.