பாப்பாவின் காலேஜ் ஃபீஸ், பேங்க் கடன்: பாலக்கோடு அப்பா ஒருவருக்குப் பதில்

வணக்கம் அண்ணா.

நீங்கள் மூன்று கேள்வி கேட்டிருந்தீர்கள். பாப்பாவுக்குக் கவுன்சலிங்கில் பர்கூர் அரசு பொறியியல் கல்லூரி கிடைக்கும்போல இருக்கிறது. ஓசூரில் ஒருவர் பெங்களூர் காலேஜில் சீட்டும் லோனும் சேர்த்தே முடித்துத் தருகிறேன் என்கிறார், எதில் சேர்ப்பது? கடன் வாங்கினால் பக்கத்து வீட்டுப் பையனுக்கு வந்ததுபோல பேங்கிலிருந்து நோட்டீஸ் வருமா? எட்டாவது படிக்கும் தம்பியையும் பிறகு அக்கா படித்த அதே ஹாஸ்டல் பள்ளியில் சேர்க்கலாமா?

முதல் கேள்விக்குப் பதில் ஒரே வார்த்தை: பர்கூர். தருமபுரி செட்டிக்கரை அரசு பொறியியல் கல்லூரியில் அதே பிரிவு கிடைத்தால் அதையும் பாருங்கள். பாலக்கோட்டிலிருந்து தினமும் போய்வந்து படிக்கலாம், ஹாஸ்டல் செலவு மிச்சம். ஏன் இவ்வளவு உறுதியாகச் சொல்கிறேன் என்பதற்குக் காசு எங்கிருந்து வருகிறது என்று தெரிந்துகொள்ள வேண்டும்.

அரசு கல்லூரியில் ஃபீஸ் குறைவாக இருப்பதைப் பார்த்துவிட்டு, தரமும் குறைவாக இருக்கும் என்று நம் பக்கம் நிறைய பேர் நினைக்கிறார்கள். பேராசிரியர் சம்பளம், கட்டடம், லேப் எல்லாம் மாநில அரசின் பணம். மாணவரிடம் வாங்கும் ஃபீஸ் அதில் ஒரு சின்னப் பங்குதான். ஆக, அரசு தரும் மிகப்பெரிய கல்வி உதவி விண்ணப்பமே போடாமல் கிடைத்துவிடுகிறது. சீட்டு கிடைத்த அன்றே அது உங்கள் கையில். தனியார் கல்லூரி “50 சதவீதம் ஸ்காலர்ஷிப்” என்று நோட்டீஸ் அடிக்கும்போது, எந்தத் தொகையில் 50 சதவீதம் என்று கேளுங்கள். கழித்த பிறகும் அது அரசு கல்லூரியின் முழு ஃபீஸைவிடப் பல மடங்கு இருக்கும்.

பல்கலைக்கழகமே தன் பணத்தில் ஏழைப் பிள்ளைகளுக்கு உதவாதா என்று கேட்கலாம். சில இடங்களில் உண்டு. சென்னைப் பல்கலைக்கழகம் 2010-11 முதல் இலவசக் கல்வித் திட்டம் ஒன்றை நடத்துகிறது. ஆனால் நம் மாநிலப் பல்கலைக்கழகங்களின் பணப்பெட்டி அவ்வளவு ஆழமானதில்லை. அரசு மானியம், தேர்வுக் கட்டணம், இணைப்புக் கல்லூரிகள் கட்டும் கட்டணம், தொலைநிலைக் கல்வி வருமானம், அவ்வளவுதான். அதே சென்னைப் பல்கலைக்கழகத்தின் வங்கிக் கணக்குகளை 2024இல் வருமான வரித்துறை முடக்கியதும், சம்பளம், ஓய்வூதியத்துக்கே அங்கே திண்டாட்டம் ஆனதும் செய்தியில் வந்தது. அதனால் இங்கே உதவி என்பது பெரும்பாலும் அரசுத் துறைகளிலிருந்து வருகிறது: ஆதிதிராவிடர் நலத்துறை, பிற்படுத்தப்பட்டோர் நலத்துறை, சமூக நலத்துறை, உயர்கல்வித் துறை, அப்புறம் மத்திய அரசின் தேசிய உதவித்தொகை இணையதளம். ஒவ்வொன்றுக்கும் ஒரு வாசல், ஒரு கடைசித் தேதி.

அமெரிக்காவில் கல்லூரிக்குள்ளேயே நிதியுதவி அலுவலகம் என்று ஒன்று இருக்கும். இவ்வளவு மானியம், இவ்வளவு அரசுக் கடன், மீதி நீங்கள் கட்டவேண்டியது இவ்வளவு என்று ஒரே கடிதத்தில் எழுதிக் கொடுத்துவிடுவார்கள். அங்கே கடன் சுமை வேறு வகையில் கழுத்தை நெரிக்கிறது, அது தனிக் கதை. நம் கல்லூரிகளில் இருப்பது ‘ஸ்காலர்ஷிப் செக்ஷன்’ என்ற மேசையும் அதில் வேலை நெருக்கடியில் இருக்கும் ஒரு கிளார்க்கும். எல்லாவற்றையும் கூட்டிக் கழித்துச் சொல்ல அங்கே யாரும் இல்லை. அந்தக் கணக்கை நீங்களும் பாப்பாவும்தான் போடவேண்டும்.

சரி, போடுவோம்.

உங்கள் வீட்டில் இதுவரை யாரும் பட்டம் வாங்கவில்லை. அதனால் முதல் பட்டதாரி சான்றிதழ் கிடைக்கும். தாசில்தார் அலுவலகம் கொடுப்பது, இ-சேவை மையத்தில் விண்ணப்பிக்கவேண்டும். 2010-11இலிருந்து நடப்பில் இருக்கும் திட்டம் இது. ஒற்றைச் சாளரக் கவுன்சலிங்கில் சேர்ந்தால் டியூஷன் ஃபீஸில் சலுகை. சுயநிதிக் கல்லூரியாக இருந்தாலும் ஆண்டுக்கு 25,000 ரூபாய் வரை கழியும். குடும்பத்தில் ஒருவருக்கு மட்டும்தான். மேனேஜ்மென்ட் கோட்டாவுக்குக் கிடையாது. கர்நாடகத்தில் சேர்ந்தால் ஒரு ரூபாய்கூடக் கிடையாது. ஓசூர்க்காரர் இதை உங்களிடம் சொல்லியிருக்க மாட்டார்.

சுயநிதிக் கல்லூரி பற்றி இன்னொன்றும் சொல்லவேண்டும். சலுகைத் தொகையை அந்தக் கல்லூரிக்கு அரசு திருப்பித் தருவது சில சமயம் தாமதமாகும். “முதலில் நீங்கள் கட்டிவிடுங்கள், அரசு கொடுத்ததும் தருகிறோம்” என்று சில இடங்களில் பெற்றோரிடம் கேட்பார்கள். அந்தப் பணத்துக்குத்தான் நகை அடகுக்கடைக்குப் போகும், மூன்று வட்டிக்குக் கைமாற்றும் வாங்குவார்கள். மூன்று வட்டி என்றால் ஆண்டுக்கு 36 சதவீதம். இந்தப் பக்கம் படிப்புக்காகக் கடனில் விழுந்த பல குடும்பங்கள் ஃபீஸ் பெரிதென்பதால் விழவில்லை. கட்டவேண்டிய தேதி ஆகஸ்டில், உதவி வரும் தேதி மார்ச்சில் என்பதால் விழுந்தார்கள். அரசு கல்லூரியில் சம்பளம் அரசே போடுவதால் இந்த நெருக்கடி குறைவு. தாமதம் ஆனாலும் முதல்வரிடம் எழுதிக் கொடுத்து அவகாசம் கேட்கலாம்.

அடுத்து ஹாஸ்டல். பிற்படுத்தப்பட்டோர், மிகப் பிற்படுத்தப்பட்டோர் நலத்துறை நடத்தும் கல்லூரி மாணவியர் விடுதிகளில் தங்கலும் சாப்பாடும் இலவசம். பெற்றோரின் ஆண்டு வருமானம் 2.50 லட்சத்துக்குள் இருக்கவேண்டும். இத்தனை கிலோமீட்டர் தள்ளி வீடு இருக்கவேண்டும் என்ற நிபந்தனை பெண்பிள்ளைகளுக்கு இல்லை. பர்கூர் சுற்றுவட்டாரத்தில் இடம் இருக்கிறதா என்று கிருஷ்ணகிரி கலெக்டர் ஆபீஸில் இருக்கும் அந்தத் துறையின் அலுவலகத்தில் சேர்ந்த வாரமே கேளுங்கள். சீக்கிரம் நிரம்பிவிடும்.

பாப்பாவுக்கு இன்னொரு நல்ல வாய்ப்பு பிரகதி உதவித்தொகை. ஏஐசிடிஇ (அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழு) கொடுப்பது, தொழில்நுட்பப் படிப்பில் சேரும் பெண்களுக்கு ஆண்டுக்கு 50,000 ரூபாய். குடும்ப வருமானம் 8 லட்சத்துக்குள் இருக்கவேண்டும், ஒரு வீட்டில் இரண்டு பெண்கள் வரை வாங்கலாம். மதிப்பெண் வரிசையில் தேர்வு செய்வார்கள், எல்லோருக்கும் கிடைக்காது. அவள் மார்க்குக்குப் போட்டுப் பார்க்கலாம். ஒன்று கவனியுங்கள்: இதை வாங்கினால் வேறு அரசு உதவித்தொகை வாங்கக்கூடாது என்ற நிபந்தனை உண்டு. எது பெரிய தொகையோ அதை வைத்துக்கொண்டு மற்றதை விடுங்கள். இரண்டையும் வாங்கிவிட்டுப் பிறகு திருப்பிக் கட்டச் சொல்லி ஓலை வந்தால் வீண் அலைச்சல்.

இந்தப் பணமெல்லாம் இப்போது நேராக மாணவியின் கணக்குக்கு வருகிறது. இங்கேதான் பாதிப் பேர் சறுக்குகிறார்கள். பேங்கில் ஆதார் நகல் கொடுத்துவிட்டோம், அதனால் இணைத்தாயிற்று என்று இருந்துவிடுவார்கள். மானியம் வருவதற்கு என்பிசிஐ (வங்கிகளுக்கிடையே பணப் பரிமாற்றத்தை நடத்தும் அமைப்பு) பதிவில் ஆதாரோடு எந்தக் கணக்கு இருக்கிறதோ அதற்குத்தான் பணம் போகும். சிம் கார்டு வாங்கும்போது தெரியாமல் திறந்த ஏதோ ஒரு பேமெண்ட்ஸ் பேங்க் கணக்குக்கு உதவித்தொகை போய் உட்கார்ந்திருக்க, பிள்ளை வரவில்லை வரவில்லை என்று அலைவதைப் பார்த்திருக்கிறேன். “டிபிடி (அரசு நேரடியாகக் கணக்கில் போடும் பணம்) வருவதற்கு என் ஆதார் எந்தக் கணக்கோடு இருக்கிறது?” என்று பேங்கில் இந்தக் கேள்வியை இப்படியே கேளுங்கள். கல்லூரியில் சேர்ந்ததும் யுமிஸ் எண் (கல்லூரி மாணவர்களுக்கான அரசுப் பதிவு எண்) கொடுப்பார்கள், அதில் பெயரும் பிறந்த தேதியும் ஆதாரில் இருப்பதுபோலவே இருக்கவேண்டும். இன்ஷியல் முன்னே பின்னே இருந்தால்கூட விண்ணப்பம் நின்றுவிடும்.

இவ்வளவும் கழித்த பிறகு மீதி என்ன? மெஸ், புத்தகம், லேப்டாப், தேர்வுக் கட்டணம், பஸ். இலவச விடுதியும் பிரகதியும் இரண்டுமே கிடைக்கவில்லை என்று வைத்துக்கொள்வோம். ஆண்டுக்கு 50,000 என்று தாராளமாகவே போட்டால் நான்கு ஆண்டுக்கு 2 லட்சம். இதற்குத்தான் கல்விக் கடன்.

கல்விக் கடன் பல்கலைக்கழகத்துக்கும் உங்களுக்கும் நடுவில் வரும் விஷயம் கிடையாது, வங்கிக்கும் உங்களுக்கும். கல்லூரி ஒரு போனஃபைட் சான்றிதழும் நான்கு ஆண்டுச் செலவு மதிப்பீடும் கொடுக்கும், அதோடு சரி. அந்த மதிப்பீட்டில் ஹாஸ்டல், புத்தகம், கம்ப்யூட்டர் எல்லாம் போடச் சொல்லி வாங்குங்கள், கடனில் அதற்கெல்லாம் இடம் உண்டு. 4 லட்சம் வரை ஈடும் வேண்டாம், மூன்றாம் ஆள் ஜாமீனும் வேண்டாம், கையிலிருந்து பங்கும் போடவேண்டாம். பாப்பா கடன்தாரர், நீங்கள் இணைக் கடன்தாரர். படிப்புக் காலமும் அதற்குப் பின் ஓராண்டும் தவணை கிடையாது. அதன்பிறகு 15 ஆண்டு வரை கட்டலாம்.

வட்டி 10 சதவீதம் என்று கணக்குப் போடுகிறேன். ஆண்டுக்கு 50,000 வீதம் எடுத்தால், தவணை தொடங்கும்போது தனிவட்டியில் 70,000 ஏறி 2.70 லட்சம் ஆகியிருக்கும். ஆனால் குடும்ப வருமானம் 4.5 லட்சத்துக்குள் இருந்தால் அந்த வட்டியை மத்திய அரசு ஏற்கும் மானியம் இருக்கிறது. நாக் அல்லது என்பிஏ (கல்லூரி, படிப்பு இவற்றின் தரத்தை மதிப்பிடும் தேசிய அமைப்புகள்) அங்கீகாரம் உள்ள தொழிற்படிப்பாக இருக்கவேண்டும். சேரும் பிரிவுக்கு அது இருக்கிறதா என்று கல்லூரியிலேயே கேளுங்கள். படிப்பைப் பாதியில் விட்டால் மானியம் போய்விடும். மானியம் கிடைத்தால் 2 லட்சத்திலிருந்துதான் தவணை தொடங்கும்: பத்து ஆண்டில் மாதம் சுமார் 2,640 ரூபாய். மானியம் இல்லாவிட்டால் சுமார் 3,570.

இப்போது பெங்களூர்க் கணக்கு. அவர் சொன்னது ஆண்டுக்கு 2 லட்சம் என்று எழுதியிருந்தீர்கள். நான்கு ஆண்டில் 8 லட்சம். படிப்புக் கால வட்டி 2.80 லட்சம். பத்து ஆண்டில் மாதத் தவணை 14,000 ரூபாயைத் தாண்டும். ஓசூர் சிப்காட்டில் முதல் வேலைக்குப் போகும் பிள்ளை அறை வாடகை, சாப்பாடு போக இதைக் கட்டமுடியுமா என்று நீங்களே யோசியுங்கள். இன்னொன்று: கடன் 7.5 லட்சத்தைத் தாண்டினால் வங்கி ஈடு கேட்கும். “லோன் நான் முடித்துத் தருகிறேன்” என்பவர் கடைசியில் கேட்கப்போவது உங்கள் நிலத்துப் பத்திரத்தை.

2024 நவம்பரில் மத்திய அரசு பிஎம் வித்யாலட்சுமி என்று ஒரு திட்டம் கொண்டுவந்தது. நாட்டின் முன்னணியில் உள்ள உயர்கல்வி நிறுவனங்களில் தகுதி அடிப்படையில் சேர்பவர்களுக்கு ஈடும் ஜாமீனும் இல்லாத கடன். 8 லட்சம் வரை வருமானம் உள்ள குடும்பங்களுக்கு 10 லட்சம் வரையிலான கடனில் 3 சதவீத வட்டிச் சலுகையும் உண்டு. நீங்கள் சேரும் கல்லூரி அந்தப் பட்டியலில் இருக்கிறதா என்று திட்டத்தின் இணையதளத்திலேயே பார்த்துவிடலாம்.

பேங்கில் “இது எங்கள் ஏரியா இல்லை”, “மேனேஜர் லீவு”, “டெபாசிட் போடுங்கள்” என்றெல்லாம் சொல்லக்கூடும். விண்ணப்பத்தை ஆன்லைனில் போட்டு எண்ணை வாங்கிவைத்துக்கொள்ளுங்கள். மறுத்தால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். எழுதிக் கேட்டாலே பாதி மறுப்பு கரைந்துவிடும். மீதிக்கு மாவட்ட முன்னோடி வங்கி மேலாளர் இருக்கிறார், திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸில் குறைதீர்க்கும் நாள் இருக்கிறது.

நோட்டீஸ் பயத்துக்கு வருகிறேன். பக்கத்து வீட்டுப் பையன் விஷயத்தில் என்ன நடந்திருக்கும் என்று ஊகிக்க முடிகிறது. தேர்தல் நேரத்தில் கல்விக் கடன் தள்ளுபடி ஆகும் என்று பேச்சு கிளம்பும். கட்டிக்கொண்டிருந்தவர்கள்கூட நிறுத்திவிடுவார்கள். தவணை 90 நாளைத் தாண்டி நின்றால் அது வாராக்கடன் கணக்குக்குப் போகும், பெற்றோர், பிள்ளை இருவரின் சிபிலும் (கடனைத் திருப்பிக் கட்டிய வரலாற்றுக்கான மதிப்பெண்) அடிவாங்கும், நாளைக்கு டிராக்டர் லோன் கேட்டாலும் அது தடுக்கும். தள்ளுபடியை நம்பி ஒரு தவணையும் விடாதீர்கள். வேலை கிடைக்கவில்லை என்றால் ஒளிந்துகொள்ளாமல், தவணை தொடங்கும் முன்பே பேங்குக்குப் போய் எழுதிக் கொடுங்கள். வேலையில்லாத காலத்துக்கு ஆறு மாதம் அவகாசம் நீட்டவும், தவணையை மாற்றி அமைக்கவும் வங்கிகளின் மாதிரித் திட்டத்திலேயே வழி இருக்கிறது. முடிந்தால் படிக்கும்போதே வட்டியை மட்டும் கட்டிவாருங்கள். தக்காளி விலை ஏறும் மாதத்தில் ஆயிரம் இரண்டாயிரம் கட்டினாலும் பிற்பாடு அது பெரிய தொகையாகத் தெரியும்.

கடைசியாகத் தம்பி. பாப்பா பத்தாவது வரை பாலக்கோடு அரசுப் பள்ளியில் படித்து, மார்க்குக்காகப் பதினொன்றாம் வகுப்பில் ஊத்தங்கரைப் பக்கம் தனியார் ஹாஸ்டல் பள்ளிக்குப் போனாள். தருமபுரி, கிருஷ்ணகிரி என்று நம் இரண்டு மாவட்டத்திலும் வழக்கமாக நடப்பதுதான், நல்ல மார்க்கும் வந்தது, குறை சொல்லவில்லை. ஆனால் கணக்கைப் பாருங்கள். ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்திருந்தால் 7.5 சதவீத உள் ஒதுக்கீட்டில் வந்திருப்பாள். அந்த ஒதுக்கீட்டில் சேர்பவர்களுக்கு டியூஷன், ஹாஸ்டல், கவுன்சலிங் கட்டணம் எல்லாவற்றையும் அரசே ஏற்கும் என்று 2021இல் அறிவித்து நடந்துவருகிறது. புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாயும் வந்திருக்கும். அந்த இரண்டு ஆண்டுக்கு நீங்கள் கட்டிய பணத்தோடு இதையும் சேர்த்துக் கூட்டுங்கள்.

ஆண்பிள்ளைகளுக்கும் 2024 ஆகஸ்டிலிருந்து தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் அதே 1,000 ரூபாய் வருகிறது. முதல் பட்டதாரி சலுகையை அக்கா எடுத்துவிடுவதால் அது தம்பிக்குக் கிடையாது. அவனுக்கு இருக்கும் பெரிய வாசல் 7.5தான். இடையில் ஓராண்டு தனியார் பள்ளிக்குப் போனாலும் அது மூடிவிடும். அவன் கணக்குப் பாடத்தில் சுமார் என்று எழுதியிருந்தீர்கள். ஹாஸ்டல் பள்ளிக்குக் கட்டும் தொகையில் சிறு பங்கு இருந்தால் பாலக்கோட்டிலேயே ஒரு நல்ல டியூஷன் வைக்கலாம். அவன் டிசியை இப்போதைக்கு வாங்கவேண்டாம்.

இந்த வாரம் இ-சேவைக்குப் போகும்போது முதல் பட்டதாரி, வருமானம், சாதி, இருப்பிடம் நான்குக்கும் சேர்த்தே விண்ணப்பம் போட்டுவிடுங்கள். வருமானச் சான்றிதழ் ஓராண்டுக்குத்தான் செல்லும், ஒவ்வோர் ஆண்டும் புதுப்பிக்கவேண்டும். பேங்குக்குப் போகும்போது பாப்பாவையும் கூட்டிக்கொண்டு போங்கள். கடன் அவள் பெயரில்தான், மேனேஜரிடம் பேசவேண்டியதும் அவள்தான்.