"போர்டு போச்சு"ன்னு சொன்னா உடனே தலையாட்டாதீங்க! - வாசகர் கேள்வி பதில்

இந்தத் தடவை வந்த கடுதாசியில பாதிக்கு மேல ஒரே பொலம்பல்தான், கம்ப்யூட்டர் ரிப்பேர் கடையில ஏமாந்த கதை. ராமேஸ்வரத்துல இருந்து தொண்டி வரைக்கும் எழுதியிருக்கீங்க. நானும் ராம்நாட்டுல (ராமநாதபுரம்தான்) பதினெட்டு வருசம் சர்வீஸ் பெஞ்சுல உக்காந்தவன்தான், அதனால மறைக்காம சொல்றேன்.

கேள்வி: அண்ணே, எங்க அப்பா விசைப்படகுல கடலுக்குப் போறவரு, நான் காலேஜ் ரெண்டாவது வருசம். மீன்பிடித் தடைக்காலம் ஆரம்பிக்கிற சமயத்துல என் லேப்டாப்ல சார்ஜ் ஏறல. ராம்நாட்டுல ஒரு கடையில குடுத்தோம். மொதல்ல 800 ரூவா ஆகும்னாக, நாலு நாள் கழிச்சு போன் போட்டு "போர்டு போச்சு, 7,500 ஆகும்"னாக. அப்பா வட்டிக்கு வாங்கி ஜிபேல அனுப்புனாரு. 40 நாள் அலைஞ்சு வாங்கிட்டு வந்தா ஆமை மாதிரி ஓடுது. பக்கத்து வீட்டு அண்ணன் பாத்துட்டு 8 ஜிபி ராம் இருந்த எடத்துல 4 ஜிபிதான் கெடக்குன்னாரு. கடையில கேட்டா "நீ குடுக்கும்போதே அப்பிடித்தாம்மா இருந்துச்சு"ங்குறாக. பில்லும் தரல. இனிமே கேக்க வழி இருக்கா?
- வாசகி, தங்கச்சிமடம்

பதில்: தங்கச்சி, உன் கடுதாசிய மூணு தடவை படிச்சேன். ஏப்ரல் 15-ல இருந்து ஜூன் 14 வரைக்கும் 61 நாள் படகு கரையில நிக்கிற நேரத்துல ஒரு மீனவர் வீட்டுல 7,500 ரூவாய பொரட்டுறது எம்புட்டுப் பெரிய விசயம்னு இங்க இருக்குற யாருக்கும் சொல்லித் தர வேண்டியதில்ல, அந்தக் கடைக்காரருக்கும் தெரியும், அதுதான் எனக்கு வயித்தெரிச்சல்.

மொதல்ல அந்த "போர்டு போச்சு" விசயம். போர்டுன்னா லேப்டாப்புக்குள்ள எல்லாப் பாகத்தையும் இணைக்குற மதர்போர்டு. நீ இருக்குற பாம்பன் தீவுல ரெண்டு பக்கமும் கடல், வாடைக்காத்து அடிக்கிற மாசத்துல ஜன்னல் கம்பியத் தொட்டாலே கை பிசுபிசுங்கும், அந்த உப்பு ஈரம் ஜன்னலோட நிக்காது, லேப்டாப்புக்குள்ள ஃபேன் இழுக்குற காத்தோட சேந்து போர்டு மேல படியும். தங்கச்சிமடம், பாம்பன் பக்கத்துல இருந்து வர்ற மெஷினத் தொறந்தா நான் மொதல்ல பாக்குறது சார்ஜர் சொருகுற ஜாக்கத்தான். அந்தப் பித்தளைக் காலச் சுத்தி பச்சையா களிம்பு பூத்திருக்கும், பக்கத்துல ஸ்க்ரூ தலையில பழுப்பா துரு, ஃபேன் ஓரத்துல தூசியும் உப்பும் சேந்து அப்பளம் மாதிரி ஒட்டியிருக்கும். இதுக்கு ஐசோப்ரொபைல் ஆல்கஹால் தொட்டு மெதுவான பிரஷ்ல தேச்சு, காயவிட்டு, தேவைப்பட்டா ஜாக்க மட்டும் மாத்தி சால்டர் பண்ணுனா நெறைய மெஷின் எந்திரிச்சிரும். போர்டே போறதும் உண்டு, இல்லன்னு சொல்லல, உப்பு உள்ளுக்குள்ள ஐசிங்குற சின்னச் சிப்போட கால் வரைக்கும் அரிச்சிருந்தா ஒண்ணும் பண்ண முடியாது. ஆனா அப்பிடிச் சொல்ற கடைக்காரர், போர்ட கையில எடுத்துக் காட்டி "இந்தா பாரும்மா, இந்த எடம்"னு சொல்லணும், மாத்துன பழைய போர்ட ஒன் கையில திருப்பிக் குடுக்கணும். அது ஒன் பொருள், அவரோடது இல்ல. பழைய போர்ட நீ வாங்கலேல்ல? மொதல் வேலையா அதப் போயி கேளு. "தூக்கிப் போட்டுட்டோம்"னு சொன்னா அத அப்பிடியே தேதியோட ஒரு நோட்டுல எழுதி வச்சுக்க.

அடுத்தது ராம், மெஷின் வேகமா ஓடக் கை குடுக்குற மெமரி. கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூணையும் ஒண்ணா அழுத்துனா டாஸ்க் மேனேஜர் வரும், அதுல பெர்ஃபார்மன்ஸ், மெமரின்னு போனா இப்ப எத்தன ஜிபின்னு காட்டும். அத ஒரு போட்டோ எடு. அப்புறம் லேப்டாப் வாங்குன ஒரிஜினல் பில்லயும் டப்பாவயும் தேடு, டப்பா ஸ்டிக்கர்ல மாடல் நம்பரும் 8 ஜிபின்னும் அச்சடிச்சிருக்கும். உண்மையச் சொல்லிர்றேன் தங்கச்சி, கடையில குடுத்த அன்னைக்கு "8 ஜிபி ராம் உள்ள இருக்கு"ன்னு எழுதுன ஜாப் சீட்டு இல்லாததால ராம் விசயத்துல அவுக மறுத்துப் பேச எடம் இருக்கு. ஆனா பில் தராதது, 800 சொல்லிட்டு 7,500 வாங்குனது, 40 நாள் இழுத்தது, இதுல உன் பக்கம் பலமா இருக்கு. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்துல, செஞ்ச வேலைக்கு பில் குடுக்காம இருக்குறதே நேர்மையில்லாத வணிக முறைன்னு தெளிவா எழுதியிருக்கு. "ஜிஎஸ்டி சேத்துப் போட்டா ஜாஸ்தி ஆகும்மா, பில் எதுக்கு"ன்னு கேக்குறாகள்ல, அந்தப் பேச்சுக்கு மயங்கவே கூடாது.

இப்ப செய்ய வேண்டியது, ஒரு வெள்ளத்தாள்ல நடந்தத தேதி வாரியா எழுது, என்ன வேணும்னு கடைசியில எழுது (கூடுதலா வாங்குன பணம், ராம், பில்), 15 நாள் டைம் குடு, ஸ்பீட் போஸ்ட்ல அந்தக் கடை அட்ரஸுக்கு அனுப்பி ரசீத பத்திரப்படுத்து. பாதிப்பேர் அந்தக் கடுதாசி வந்ததுமே கூப்புட்டு சமாதானம் பேசிருவாக. பேசலைன்னா 1915-க்கு போன் பண்ணு, அது தேசிய நுகர்வோர் உதவி எண், தமிழ்லயே பேசலாம். அதுலயும் ஆகலன்னா ராமநாதபுரத்துலயே மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம் இருக்கு, 5 லட்சம் வரைக்கும் உள்ள விவகாரத்துக்கு கட்டணமே கெடையாது, வக்கீல் வைக்கணும்னும் இல்ல, நீயே போயி பேசலாம். நடந்த நாள்ல இருந்து 2 வருசத்துக்குள்ள போடணும். சட்டம் 3 மாசத்துல முடிக்கணும்னு சொல்லுது, நடப்புல கொஞ்சம் இழுக்கும், அதுக்கு மனச தயார் பண்ணிக்க. அப்பா ஜிபேல அனுப்புனாருல்ல, அந்த ஸ்க்ரீன்ஷாட்தான் உனக்கு இப்ப பெரிய சாட்சி, போன மாத்துறதுக்கு முன்னாடி அத நாலு பேருக்கு அனுப்பி வை.

கேள்வி: எங்க வாப்பா துபாய்ல இருந்து வாங்கிட்டு வந்த லேப்டாப்புங்க. கீபோர்டு வேலை செய்யல, கடையில குடுக்கப் போனா பாஸ்வேர்ட சீட்டுல எழுதிக் குடுங்கன்னு கேக்குறாங்க. உள்ள தங்கச்சி நிக்காஹ் போட்டோ, வீட்டுப் பொம்பளைங்க படம் எல்லாம் இருக்கு. போன வருசம் எங்க சொந்தக்காரப் பொண்ணோட படம் ஒரு கடையில இருந்து வெளிய போயிருச்சு, இன்னைக்கு வரைக்கும் அந்தப் புள்ள வெளிய தலகாட்ட மாட்டேங்குது. பயமா இருக்கு.
- வாசகி, கீழக்கரை

பதில்: பயப்படுறதுல நூத்துக்கு நூறு நியாயம் இருக்கும்மா. கீபோர்டு மாத்த, சார்ஜ் ஜாக் மாத்த, ஸ்க்ரீன் மாத்த, ஃபேன் மாத்த, இதுக்கெல்லாம் பாஸ்வேர்டே தேவையில்ல. லாகின் பக்கத்துலயே டைப் அடிச்சு கீபோர்டு வேலை செய்யுதான்னு பாத்துரலாம். அப்பயும் வேணும்னு அடம்புடிக்கிற கடையில குடுக்காதீங்க, வேற கடை பாருங்க.

இன்னும் ஒரு வழி இருக்கு, நான் என் பெஞ்சுல இருந்தப்ப சொன்னது. உள்ள இருக்குற எஸ்எஸ்டி இப்ப சூயிங்கம் பாக்கெட் அளவுதான், பெரும்பாலும் ஒரே ஒரு ஸ்க்ரூ, அத உங்க முன்னாடியே கழட்டி உங்க கையில குடுக்கச் சொல்லுங்க. ஒரு சின்ன டப்பாவுல போட்டு வீட்டுக்குக் கொண்டு போயிருங்க, வேலை முடிஞ்சப்பறம் கொண்டு வந்து மாட்டிக்கலாம். படம் இருக்குறது அதுலதான், அது உங்க கையில இருக்குற வரைக்கும் கடையில யாரும் பாக்க முடியாது. கீபோர்டு மாதிரி வேலைக்கு அது உள்ள இருக்கணும்னே அவசியம் இல்ல. வீட்டு ஆம்பளைங்க யாராச்சும் கூட இருந்து கண்ணு முன்னாடி செய்யச் சொன்னா இன்னும் நல்லது. "டெலிட் பண்ணிட்டுக் குடுத்துருவோம்"னு மட்டும் நெனைக்காதீங்க, ஹார்ட் டிஸ்க்ல டெலிட் பண்ணுனதத் திருப்பி எடுக்குறதுக்கு ஓசியிலயே சாஃப்ட்வேர் கெடக்கு.

அந்தப் புள்ளைக்கு ஒரு வார்த்தை, தப்பு அதுமேல இல்ல. ஒருத்தரோட அந்தரங்கப் படத்த சம்மதமில்லாம எடுத்தா, பரப்புனா, தகவல் தொழில்நுட்பச் சட்டம் 66இ பிரிவுல 3 வருசம் வரைக்கும் ஜெயில், இல்லன்னா 2 லட்சம் வரைக்கும் அபராதம், இல்ல ரெண்டும் சேத்து. மாவட்ட சைபர் கிரைம் போலீஸ்ல நேரா புகார் குடுக்கலாம், சைபர் குற்ற உதவி எண் 1930-க்கும் பேசலாம். வாப்பாவோ உம்மாவோ கூடப் போங்க, தனியா அனுப்பாதீங்க.

கேள்வி: சார், லாட்ஜ் நடத்துறேன். ஆபீஸ் லேப்டாப்ல போர்டு மாத்துனாங்க, ஆன் பண்ணதும் நீலக் கலர்ல ஏதோ நம்பர் கேட்டுச்சாம், "டேட்டா எல்லாம் போச்சு சார்"னு சொல்லி என்னக் கேக்காமலே ஃபார்மட் அடிச்சுட்டாங்க. மூணு வருசக் கணக்கு உள்ள இருந்துச்சு. மீட்க முடியுமா?
- வாசகர், ராமேஸ்வரம்

பதில்: முடியாது சார், சொல்றதுக்கே கஷ்டமா இருக்கு. அந்த நீல ஸ்க்ரீன் பிட்லாக்கர். புது விண்டோஸ் லேப்டாப்புகள்ல மைக்ரோசாஃப்ட் அக்கவுண்ட் போட்டு உள்ள போனாலே டிஸ்க் தானா பூட்டிக்கும், போர்டு மாறுனதும் திருடன் வந்துட்டான்னு நெனச்சு 48 இலக்க சாவி கேக்கும். அந்தச் சாவி பெரும்பாலும் உங்க மைக்ரோசாஃப்ட் அக்கவுண்ட்லயே கெடந்திருக்கும், போன்ல இருந்து அஞ்சு நிமிசத்துல எடுத்திருக்கலாம். டேட்டா போகவே இல்ல சார், பூட்டித்தான் இருந்துச்சு, பூட்டுன வீட்ட இடிச்சுட்டு சாமான் இல்லைங்குற கதை. பூட்டுன டிஸ்க்க ஃபார்மட் அடிச்சுட்டா ரெக்கவரி பண்றவங்ககிட்ட எம்புட்டு காசு குடுத்தாலும் எழுத்து ஒண்ணும் தேறாது. கேக்காம ஃபார்மட் பண்ணுனது சேவைக் குறைபாடு, மேல சொன்ன தங்கச்சிக்குச் சொன்ன அதே வழி உங்களுக்கும். ஆடிட்டர்கிட்ட அனுப்புன பழைய ஃபைல், மெயில்ல போன அட்டாச்மெண்ட், வாட்ஸ்அப்ல போன பிடிஎஃப், இதுல இருந்து எவ்வளவு தேறுதுன்னு இன்னைக்கே பாருங்க.

கேள்வி: விண்டோஸ் 10 செத்துப்போச்சு, இனி இந்த லேப்டாப் ஓடாது, புதுசு வாங்குங்கன்னு கடையில சொல்றாங்க. நெஜமா?
- வாசகர், தேவிபட்டினம்

பதில்: ஓடும். 2025 அக்டோபர் 14-ஓட மைக்ரோசாஃப்ட் அதுக்கு சப்போர்ட்ட நிறுத்திருச்சு, அம்புட்டுதான், மெஷின் நிக்காது. பாதுகாப்பு அப்டேட் மட்டும் 2026 அக்டோபர் வரைக்கும் பதிவு பண்ணி வாங்கிக்கலாம். விண்டோஸ் 11 ஏறுமான்னு பாக்க டிபிஎம் 2.0ங்குற பாதுகாப்புச் சிப் இருக்கணும், இன்டெல் ப்ராசசர்னா பொதுவா 8-ஆவது தலைமுறையோ அதுக்கு மேலயோ இருக்கணும். ஏறலன்னா விண்டோஸுக்குப் பதிலா லினக்ஸ்ங்குற சாஃப்ட்வேரப் போட்டு புள்ளைங்க படிக்க வச்சுக்கலாம்.

கேள்வி: அண்ணே, நானே சின்னதா சர்வீஸ் கடை வச்சிருக்கேன். எல்லாரும் எங்களத் திருடன்னு சொல்றீக. எஸ்டிமேட் சொல்லி, ஸ்பேர் வாங்கி மாட்டி வச்சுட்டு போன் போட்டா ஆறு மாசமா எடுக்கல. எட்டு மெஷின் கடையில தூசி புடிச்சுக் கெடக்கு, எல்லாம் என் கைக்காசு. இதயும் எழுதுங்கண்ணே.
- கடைக்காரர், தொண்டி

பதில்: எழுதுறேன் தம்பி, நானும் அந்த வலியப் பட்டவன், கடைய மூடுற அன்னைக்கு என்கிட்ட பதினோரு மெஷின் யாரும் கேக்காம கெடந்துச்சு. ஒருத்தர் திருடுனா பேரு எல்லாக் கடைக்கும்தான் வருது, அதனால நேர்மையா இருக்குற நீதான் ஜாப் சீட்ட மொதல்ல கையில எடுக்கணும். ரெண்டு காப்பி போடு, மெஷின் சீரியல் நம்பர், ராம் எவ்வளவு, டிஸ்க் எவ்வளவு, சார்ஜர் குடுத்தாகளா, மூடியில கீறல் இருக்கா எல்லாம் எழுது, அவுக கையெழுத்து வாங்கு. பாத்துச் சொல்றதுக்கு மட்டும் இவ்வளவுன்னு ஒரு தொகைய முன்கூட்டியே சொல்லி வாங்கிரு. ஸ்பேர் ஆர்டர் போடுறதுக்கு முன்னாடி பாதிக் காசு வாங்காம போடாத. வெல கூடுனா வாட்ஸ்அப்ல எழுதிக் கேட்டு "சரி"ன்னு பதில் வந்தப்பறம்தான் ஸ்க்ரூவத் தொடணும், போன்ல வாயால பேசுனது பின்னாடி சண்டைதான்.

அந்த எட்டு மெஷினையும் வித்துறாத, பார்ட்டும் கழட்டாத. ஒவ்வொருத்தருக்கும் தேதி போட்டு ஒரு கடுதாசி அனுப்பு. அதுக்கு முன்னாடி அந்த லிஸ்ட்ல கடலுக்குப் போற வீடு எத்தனன்னு பாரு, தடைக்காலம் முடிஞ்சு மீன்பாடு வந்தா ரெண்டு தவணையாக் குடுத்துருவாக, கூப்புட்டு நீயே சொல்லிரு.