உடல் உங்களுடையது இல்லையென்றாலும் புகார் செய்யலாம்

தங்கச்சி, கோயில் திருவிழாவில் எடுத்த உங்கள் முகத்தை ஒரு நிர்வாண உடலில் ஒட்டி, பெயரும் நீங்கள் குடியிருக்கும் தாமானும் (குடியிருப்புப் பகுதியும்) போட்டு வாட்ஸ்அப்பில் சுற்றவிட்டிருக்கிறார்கள். 'உடல் என்னுடையது இல்லையே, இது குற்றமா?' என்று கேட்டிருக்கிறீர்கள். குற்றம்தான். மலேசியாவின் 1998 தொடர்பு, பல்லூடகச் சட்டத்தின் 233ஆவது பிரிவு, ஒருவரைத் துன்புறுத்தும் நோக்கத்தோடு ஆபாசமான அல்லது பொய்யான உள்ளடக்கத்தை அனுப்புவதைத் தண்டிக்கிறது. 2025 திருத்தத்துக்குப் பிறகு 5 லட்சம் ரிங்கிட் வரை அபராதம், 2 ஆண்டு வரை சிறை, அல்லது இரண்டும். குற்றவியல் சட்டத்தின் 509ஆவது பிரிவும் இருக்கிறது. அதில் 5 ஆண்டு வரை சிறை.

படத்தைப் பார்க்கவே கூசும், தெரியும். ஆனாலும் அழித்துவிடாதீர்கள். அனுப்பியவரின் எண், நேரம், குழுவின் பெயர் எல்லாம் தெரியும்படி ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். முதலில் உங்களுக்குக் காட்டிய தோழியின் போனிலும் அது அப்படியே இருக்கட்டும்.

உள்ளூர் பாலாயில் (போலீஸ் நிலையத்தில்) தெரிந்த முகங்கள் இருக்குமே என்று தயங்கினால், வேறு எந்த பாலாயிலும் புகார் கொடுக்கலாம். நகலைக் கேட்டு வாங்குங்கள். தொடர்பு, பல்லூடக ஆணையமான எம்சிஎம்சி-யிடமும் புகார் செய்யுங்கள். அந்தரங்கப் படங்கள் பரவுவதைத் தடுக்க உதவும் 'ஸ்டாப்என்சிஐஐ' இணையதளத்தில், படத்தை அடையாளம் காட்டும் குறியீடு உங்கள் போனிலேயே உருவாகும், படம் வெளியே போகாது. பேஸ்புக், இன்ஸ்டாகிராமில் அது பரவாமல் தடுக்க உதவும்.

நானும் சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டத்தில் வளர்ந்தவள். லயத்தில் காலையில் பேசியது மதியம் மளிகைக் கடைக்கு வந்துவிடும். அதனால் அம்மாவிடம் இன்றிரவே நீங்களே சொல்லிவிடுங்கள். பேச ஆள் வேண்டுமென்றால் தாலியான் காசே உதவி எண், 15999.