வாசகர் கேள்வி – மருத்துவர் பதில்: பாகற்காய்ப் பெப்டைடும் இன்சுலினும்

கேள்வி: துறைமுகத்தில் சரக்கேற்றும் வேலை பார்த்த என் கணவருக்கு 58 வயதாகிறது. பல ஆண்டுகளாகச் சர்க்கரை நோய்க்கு மெட்ஃபார்மின் மாத்திரையும் இரவில் இன்சுலின் ஊசியும் எடுத்துக்கொள்கிறார். எங்கள் தெருவில் ஒருவர், பாகற்காயிலிருந்து எடுத்த 'இயற்கைப் பெப்டைடு' என்று ஒரு கேப்ஸ்யூலை மாதம் 1,800 ரூபாய்க்கு விற்கிறார். "இது செடி இன்சுலின், ஊசியே வேண்டாம்" என்கிறார். அவர் பேச்சைக் கேட்டு அதைச் சாப்பிடத் தொடங்கிய என் கணவர், விற்பவர் சொன்னபடியே மாலை பஜ்ஜியையும் சர்க்கரை போட்ட டீயையும் விட்டுவிட்டார். வெறும் வயிற்றுச் சர்க்கரை 190இலிருந்து 150க்கு இறங்கியிருக்கிறது. இனி இன்சுலினை நிறுத்தலாமா?
– ஒரு வாசகி, தண்டையார்பேட்டை

பதில்: நிறுத்தக் கூடாது. கேப்ஸ்யூல் விற்பவர் சொல்வது முழுக்கப் பொய்யன்று என்பதால்தான் இதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

பாகற்காயில் 'பாலிபெப்டைடு-பி' என்ற புரதப் பொருள் இருப்பது உண்மை. ஜெய்ப்பூரைச் சேர்ந்த ஆய்வாளர்கள் அதைப் பிரித்தெடுத்து, இரத்தச் சர்க்கரையைக் குறைக்கிறது என்று 1981இல் வெளியிட்டார்கள். 'செடி இன்சுலின்' என்று சொல்வதும் இதைத்தான். ஆனால், அந்த ஆய்வில் அப்பொருள் தோலுக்கடியில் ஊசியாகச் செலுத்தப்பட்டது. விளம்பரங்கள் ஆய்வைக் குறிப்பிடுகின்றன, ஊசியை மட்டும் வசதியாக மறந்துவிடுகின்றன.

பெப்டைடு என்பது அமினோ அமிலங்கள் கோத்த சங்கிலி. நீளமான சங்கிலியைப் புரதம் என்கிறோம். வாய்வழியாகப் போகும் சங்கிலிகளைப் பெரும்பாலும் இரைப்பையின் அமிலமும் குடலின் நொதிகளும், நாம் சாப்பிடும் பருப்பின் புரதத்தைப் போலவே, துண்டு துண்டாக்கிவிடும். 51 அமினோ அமிலங்கள் கொண்ட இன்சுலினை 1922இல் முதன்முதலாக ஒரு நோயாளிக்குச் செலுத்தியதிலிருந்து இன்றுவரை பெரும்பாலும் ஊசியாகவே போட வேண்டியிருப்பதற்கு முக்கியக் காரணம் இதுதான். பெப்டைடு வகையைச் சேர்ந்த செமாகுளுட்டைடு என்ற சர்க்கரை மருந்து மாத்திரையாகவும் கிடைக்கிறது என்பது மெய். அதற்காகவே உறிஞ்சுதலுக்கு உதவும் தனிச் சேர்மம் ஒன்றைக் கலந்து, வெறும் வயிற்றில் கொஞ்சம் தண்ணீரோடு விழுங்கி அரைமணி நேரம் எதுவும் உண்ணாமலிருக்கச் சொல்கிறார்கள், அப்போதும் உடலில் சேர்வது மிகச் சிறு பங்குதான். இத்தனை ஏற்பாடும் அங்கே தேவைப்பட, பாகற்காய்ப் பொடியை அடைத்த சாதாரணக் கேப்ஸ்யூல் பெப்டைடை முழுதாக இரத்தத்தில் கொண்டுபோய்ச் சேர்க்கும் என்று நம்ப இடமில்லை.

'இயற்கையானது' என்பதும் இதற்கு விடையாகாது. கிலா மான்ஸ்டர் என்ற நச்சுப் பல்லியின் உமிழ்நீரில் கண்டறிந்த பெப்டைடிலிருந்து பிறந்ததே எக்ஸெனடைடு என்ற சர்க்கரை மருந்து. அமெரிக்காவில் 2005இல் அனுமதி பெற்ற அந்த மருந்தும் இயற்கையில் தோன்றியதுதான், ஆனால் அளவு வகுத்து, நோயாளிகளிடம் சோதித்து, ஊசியாகவே கொடுக்கிறார்கள்.

சர்க்கரை 40 புள்ளி இறங்கியது ஏன் என்று கேட்பீர்கள். பதில் உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது: தினமும் பஜ்ஜியையும் இனிப்பு டீயையும் விட்டவருக்கு, இன்சுலினும் தொடரும்போது, கேப்ஸ்யூல் இல்லாமலே இந்த இறக்கம் வரக்கூடும். அந்த விற்பனையாளர் கொடுத்ததில் பயனுள்ள சரக்கு அந்த அறிவுரைதான். அதற்கு மாதம் 1,800 ரூபாய் தேவையில்லை. 150 என்பதும் இன்னும் கூடுதல்தான். ஒரு நாள் அளவை வைத்து முடிவெடுக்காமல், ஏறத்தாழ மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி பரிசோதனையைச் செய்துகொண்டு, இன்சுலின் அளவைக் கூட்டுவதையும் குறைப்பதையும் மருத்துவரிடமே விடுங்கள். அப்போது அந்தக் கேப்ஸ்யூல் டப்பாவையும் எடுத்துச் செல்லுங்கள். மூலிகை என்று விற்ற சில மாத்திரைகளில் கிளைபென்கிளமைடு என்ற சர்க்கரை மருந்து ரகசியமாகக் கலந்திருந்தது வெளிநாடுகளில் பிடிபட்டிருக்கிறது. இன்சுலினோடு அதுவும் சேர்ந்தால் சர்க்கரை 70க்கும் கீழே சரிந்து, வியர்வை, நடுக்கம், மயக்கம் வரை போகலாம்.

சர்க்கரை நோயைக் குணப்படுத்துவதாக மருந்துக்கு விளம்பரம் செய்வதை நம் நாட்டில் 1954ஆம் ஆண்டுச் சட்டமே தடை செய்கிறது என்பதை, அடுத்த முறை அவர் வந்தால் நீங்கள் சொல்லலாம். செலவுதான் கவலை என்றால், இன்சுலினும் மெட்ஃபார்மினும் ஸ்டான்லி போன்ற அரசு மருத்துவமனைகளில் இலவசமாகக் கிடைக்கின்றன.

கேள்வி: பூங்கா வாசலில் காலையில் பாகற்காய்ச் சாறு விற்கிறார்கள். நடைப்பயிற்சி முடித்துத் தினமும் குடிக்கலாமா?
– ஒரு வாசகர், பெரம்பூர்

பதில்: காயாகச் சமைத்துச் சாப்பிடுவதில் தடையில்லை, நார்ச்சத்தும் கிடைக்கிறது. சாற்றை மருந்தாக நினைப்பதில்தான் சிக்கல். இரண்டாம் வகைச் சர்க்கரை நோயில் பாகற்காயைச் சோதித்த ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்த, மருத்துவச் சான்றுகளை அலசும் காக்ரேன் அமைப்பின் ஆய்வுரை, 2012இல், அதைப் பரிந்துரைக்கப் போதிய சான்று இல்லை என்றே முடிவு சொன்னது. கர்ப்பிணிகள் சாற்றைத் தவிர்க்க வேண்டும். ஜி6பிடி (இரத்தச் சிவப்பணுக்களைக் காக்கும் நொதி) குறைபாடு உள்ளவர்களுக்கு விதையிலுள்ள வைசின் என்ற பொருள் ஆபத்தாகலாம் என்பதால் அவர்களும் தவிர்ப்பது நல்லது. நீங்கள் ஏற்கெனவே சர்க்கரை மாத்திரை சாப்பிடுபவரென்றால், வெறும் வயிற்றில் சாறு குடித்துவிட்டு இட்லியைத் தள்ளிப்போடாதீர்கள்.

கேள்வி: இறைச்சியிலும் மீனிலும் உள்ள கார்னோசின் என்ற பெப்டைடு சர்க்கரையைக் குறைக்குமாம். தினமும் மீன் சாப்பிடும் எங்களுக்கு அந்த மாத்திரை வேண்டுமா?
– ஒரு வாசகர், காசிமேடு

பதில்: வேண்டாம். இரண்டே அமினோ அமிலங்கள் கொண்ட சிறு பெப்டைடு அது. 1900இல் இறைச்சிச் சாரத்திலிருந்து கண்டறியப்பட்டது. குடலில் ஓரளவு தப்பினாலும், மனித இரத்தத்தில் இருக்கும் கார்னோசினேஸ் நொதி அதை விரைவிலேயே சிதைத்துவிடும். சில சிறிய ஆய்வுகளில் சர்க்கரை சற்றுக் குறைந்திருக்கிறது, ஆனால் சிகிச்சையாகச் சொல்லும் அளவுக்கு அவை பெரியவை அல்ல. மீனைக் குழம்பாகச் சாப்பிடுங்கள். தட்டில் அதோடு சேரும் சோற்றின் அளவைக் கவனியுங்கள். இரத்த அழுத்தமோ சிறுநீரகக் கோளாறோ இருந்தால் கருவாட்டை மட்டும் குறைத்துக்கொள்ளுங்கள், உப்பு அதில் மிக அதிகம்.