நாற்பது வயது வரை நேரம் இருக்கிறது என்று நம்பி உட்கார்ந்துவிடாதீர்கள்

கேள்வி: எனக்கு 38 வயது. ஒன்பது வயதில் பெற்றோருடன் கலிபோர்னியாவுக்கு வந்தேன். கோயிலில் பூசை உதவி செய்யும் பையனாக இருந்தபோது, 1998 வாக்கில், ஒரு ஃபாதர் என்னைப் பல மாதங்கள் பாலியல் கொடுமை செய்தார். அவர் ஒரு துறவற சபையைச் சேர்ந்தவர், இப்போது உயிருடன் இல்லை. போன வருடம்தான் துணிந்து மறைமாவட்ட அலுவலகத்துக்கு எல்லாவற்றையும் எழுதினேன். ஆயர் மன்னிப்புக் கடிதம் அனுப்பினார், கவுன்சலிங் செலவையும் ஏற்றுக்கொண்டார்கள். இப்போது மறைமாவட்டம் திவால் மனு போட்டிருக்கிறது. அந்த நோட்டீஸ் அம்மா வீட்டுக்குப் போய்விட்டது. உரிமைகோரல் அனுப்ப ஏழு வாரம்தான் இருக்கிறதாம். "சாமியார் மேல கேஸா?" என்று அம்மா அழுகிறார். திவாலான இடத்தில் காசு ஏது என்கிறார் மச்சான். எனக்குக் காசு வேண்டாம், ஆயரைக் கூண்டில் ஏற்ற வேண்டும். சட்டப்படி எனக்கு 40 வயது வரை நேரம் இருக்கிறதே, கவுண்டி நீதிமன்றத்தில் வழக்குப் போடலாமா?

பதில்: மறைமாவட்டத்தின் மேல் இப்போது வழக்குப் போட முடியாது. திவால் மனு தாக்கலான நொடியிலிருந்து அதன் மேலான வழக்குகள் எல்லாம் நின்றுவிடும். மீறிப் புதிதாகப் போட்டாலும் செல்லாது. ஆயரின் கடிதம் மனதாரத்தானா, மச்சான் என்ன சொன்னார் என்பதையெல்லாம் இப்போது ஓரமாக வையுங்கள். உங்கள் கடிதத்தில் சட்டத்துக்கு முக்கியமான வரி ஒன்றுதான்: ஏழு வாரம்.

40 வயது கணக்கு தப்பில்லை. 2020-ல் நடைமுறைக்கு வந்த கலிபோர்னியா சட்டம் அந்த அவகாசத்தைத் தருகிறது. ஆனால் அது மாநிலச் சட்டம். திவால் நீதிமன்றம் கூட்டரசு நீதிமன்றம், அது வைக்கும் கடைசித் தேதி உங்கள் வயதைப் பார்க்காது. அந்தத் தேதிக்குள் க்ளெய்ம் ஃபார்ம் (உரிமைகோரல் படிவம்) போய்ச் சேராவிட்டால், மறைமாவட்டத்தைப் பொறுத்தவரை உங்கள் உரிமை அநேகமாக முடிந்த கதை. தபாலில் போட்ட தேதி பொதுவாக எடுபடாது, கைக்குக் கிடைத்த தேதிதான் கணக்கு. "மன்னிக்கத்தக்க கவனக்குறைவு" என்று ஒரு விதிவிலக்கு உண்டு, 1993-ல் உச்ச நீதிமன்றம் அதற்கு அளவுகோலும் வகுத்தது. நோட்டீஸைக் கையில் வைத்திருக்கும் உங்களுக்கு அது கைகொடுக்காது. நாளிதழ் விளம்பரத்தைப் பார்க்கவே இல்லை என்று சொல்பவர்களுக்கே அது கிடைப்பது கஷ்டம்.

சரி, என்னிடம் வந்தவர்கள் எங்கே விழுந்தார்கள் என்று சொல்கிறேன். உங்கள் கடிதத்திலும் அதே பள்ளங்கள் தெரிகின்றன.

முதலாவது, "நான்தான் ஏற்கெனவே எழுதிக் கொடுத்துவிட்டேனே" என்ற எண்ணம். மறைமாவட்ட அலுவலகத்துக்கு எழுதிய கடிதம் க்ளெய்ம் ஆகாது. அவர்கள் மன்னிப்புக் கேட்டது, கவுன்சலிங்குக்குப் பணம் கட்டியது எதுவும் க்ளெய்ம் ஆகாது. ஒரு பெண்மணி அந்த அலுவலகத்துடன் ஒரு வருடம் மின்னஞ்சலில் பேசிக்கொண்டிருந்தார். அவர்களும் கனிவாகத்தான் பதில் எழுதினார்கள். ஃபார்ம் அனுப்பச் சொல்லி யாரும் நினைவுபடுத்தவில்லை, அது அவர்கள் வேலையும் இல்லை. கடைசித் தேதி முடிந்து எட்டு மாதம் கழித்து என்னிடம் வந்தார். நான் அவருக்குச் செய்ய முடிந்தது மிகக் கொஞ்சம். திவாலுக்கு முன்பே வழக்குப் போட்டவர்களும் இப்படித்தான் ஏமாறுகிறார்கள். வழக்கு இருந்தாலும் ஃபார்ம் தனியாகப் போக வேண்டும்.

இரண்டாவதுதான் உங்கள் விஷயத்தில் எனக்குப் பெரிய கவலை. அந்த ஃபாதர் துறவற சபைக்காரர் என்று ஒரே வரியில் சொல்லிவிட்டுப் போய்விட்டீர்கள். சபை வேறு, மறைமாவட்டம் வேறு. திவால் மனு போட்டது மறைமாவட்டம் மட்டும் என்றால், அந்தத் தடை பொதுவாகச் சபைக்குப் பொருந்தாது. பள்ளியும் பங்குக் கோயிலும் தனித்தனி அமைப்புகளாகப் பதிவாகியிருந்தால் அவற்றுக்கும் இதே கதைதான், நீதிமன்றம் தடையை நீட்டித்து உத்தரவு போட்டிருந்தால் தவிர. சபையின் மேல் நீங்கள் இன்றைக்கே வழக்குப் போடலாம். அதே காரணத்தால் அங்கே காலமும் ஓடிக்கொண்டே இருக்கிறது. 40 வயது கணக்கு உங்களுக்குப் பயன்படும் இடம் அதுதான். திவால் முடியட்டும், அப்புறம் சபையைப் பார்க்கலாம் என்று காத்திருந்தால், நியூயார்க்கின் ராக்வில் சென்டர் மறைமாவட்டத்தை நினைத்துக்கொள்ளுங்கள். 2020 அக்டோபரில் மனு, திவால் வழக்கை முடிக்கும் சமரசத் திட்டத்துக்கு 2024 டிசம்பரில்தான் ஒப்புதல். நான்கு வருடம். உங்களுக்கு இருப்பது அதிகபட்சம் இரண்டு. ஏழு வாரத்தில் ஒரு ஃபார்ம், 40-வது பிறந்தநாளுக்கு முன் ஒரு வழக்கு. இரண்டு கடிகாரத்தையும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

மூன்றாவது, ஃபார்மில் வருடத்தை அடித்துவிடுவது. இந்தப் பணத்தில் பெரும்பங்கு பழைய இன்சூரன்ஸ் பாலிசிகளிலிருந்து வருகிறது. கொடுமை நடந்த வருடத்தில் எந்தக் கம்பெனியின் பாலிசி அமலில் இருந்ததோ, அந்தக் கம்பெனிதான் பதில் சொல்ல வேண்டும். "1998 வாக்கில்" என்பதை "1998" என்று உறுதியாக எழுதி, பிறகு உங்கள் பள்ளிப் பதிவேடு 1999 என்று காட்டினால், இன்சூரன்ஸ்காரரின் வக்கீல் அதைப் பிடித்துக்கொள்வார். பொய்யென்றால் தண்டனை உண்டு என்ற உறுதிமொழியோடு கையெழுத்திடும் ஆவணம் அது. எந்த வகுப்பில் படித்தீர்கள், எந்த வீட்டில் குடியிருந்தீர்கள், உறுதிபூசுதலுக்கு முன்பா பின்பா என்று பார்த்துக் காலத்தைக் கணக்கிட்டு, "இந்த மாதத்திலிருந்து இந்த மாதத்துக்குள்" என்று எழுதுங்கள். தெரியாததைத் தெரியவில்லை என்றே எழுதுங்கள்.

அப்புறம் அந்தக் கவுன்சலிங் பணம். அதற்காக எதிலாவது கையெழுத்துப் போட்டீர்களா? 2019-ல் கலிபோர்னியாவின் ஆறு மறைமாவட்டங்கள் சேர்ந்து ஓர் இழப்பீட்டுத் திட்டம் நடத்தின. அதில் பணம் வாங்கியவர்கள் இனி வழக்குப் போடமாட்டோம் என்று விடுதலைப் பத்திரம் எழுதிக் கொடுத்தார்கள். வெறும் சிகிச்சைச் செலவுக்கு அப்படிக் கேட்பது வழக்கமில்லை. ஆனாலும் இருக்கும் காகிதம் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு வக்கீலிடம் போங்கள்.

இழப்பீடு வருவதற்குள் கடன் தருகிறோம் என்று சில நிதி நிறுவனங்கள் கூப்பிடும். வட்டியில் பங்குத் தொகையே கரைந்துவிடும். வேண்டாம்.

மச்சானுக்கு ஒரு வார்த்தை. இது சாப்டர் 11 திவால், அதாவது அமைப்பைத் தொடர்ந்து நடத்திக்கொண்டே கடனைத் தீர்க்கும் வகை; கடையைப் பூட்டுவது இல்லை. 2023-ல் சாண்டா ரோசா, ஓக்லண்ட், சான் பிரான்சிஸ்கோவும் 2024-ல் சாக்ரமெண்டோ, சான் டியேகோவும் மனு போட்டன. அங்கெல்லாம் ஞாயிறு பூசை நடந்துகொண்டுதான் இருக்கிறது. ராக்வில் சென்டரில் சுமார் 600 பேருக்கு ஒதுக்கியது ஏறக்குறைய 32.3 கோடி டாலர். எல்லா இடத்திலும் அப்படி வராது. மில்வாக்கியில் 575 பேர்வரை க்ளெய்ம் கொடுத்தார்கள், 2015-ல் முடிந்தது 2.1 கோடிக்கு.

இனி கூண்டு. வெளிப்படையாகச் சொல்கிறேன், அந்த ஆயர் உங்கள் வழக்கில் கூண்டில் ஏறும் வாய்ப்பு மிகக் குறைவு. ஜூரி முன் விசாரணை கேட்கும் உரிமை காகிதத்தில் இருக்கிறது. நடைமுறையில் இந்த மனுக்கள் சமரசத் திட்டத்தில்தான் முடிகின்றன. க்ளெய்ம் கொடுத்து அந்தத் திட்டத்துக்கு வாக்களிப்பவர்களில் பாதிக்கு மேற்பட்டோரும், தொகைக் கணக்கில் மூன்றில் இரண்டு பங்கும் ஒப்புக்கொண்டு நீதிபதியும் ஏற்றுவிட்டால், எதிர்த்து வாக்களித்தவரையும் அது கட்டும். ஆகவே மறைமாவட்டத்துடன் சமரசத்துக்கு மனதைத் தயார் செய்துகொள்ளுங்கள். முதல் தொகைக்கே தலையாட்டச் சொல்லவில்லை. ராக்வில் சென்டரில் மறைமாவட்டம் முன்பு நீட்டிய 20 கோடியைப் பாதிக்கப்பட்டவர்கள் மறுத்ததால்தான் தொகை ஏறியது. வாக்குச்சீட்டில் பங்குக் கோயில்களையும் மற்றவர்களையும் பொறுப்பிலிருந்து விடுவிக்கச் சம்மதம் கேட்டு ஒரு கட்டம் இருக்கலாம். 2024 ஜூனில் பர்டியூ ஃபார்மா என்ற மருந்து கம்பெனியின் திவால் வழக்கில் வந்த உச்ச நீதிமன்றத் தீர்ப்புக்குப் பிறகு, உங்கள் சம்மதம் இல்லாமல் அவர்களை விடுவிக்க முடியாது. அந்தக் கட்டத்தில் வக்கீலைக் கேட்காமல் டிக் அடிக்காதீர்கள். சீட்டைத் திருப்பி அனுப்பாமலும் இருக்காதீர்கள், மௌனத்தையே சம்மதமாக எடுத்துக்கொள்ளச் சில திட்டங்கள் முயல்கின்றன.

உண்மை வெளிவர வேண்டும் என்பது நியாயமான ஆசை, அதற்கும் வழி இந்த நடைமுறைக்குள்ளேயே உண்டு. 2013-ல் மில்வாக்கி உயர்மறைமாவட்டம் சுமார் 6,000 பக்க ஆவணங்களை வெளியிட்டது இதே மாதிரியான திவால் வழக்கில்தான். கொடுமைக்கு ஆளானவர்கள் சார்பில், மறைமாவட்டம் பணம் தர வேண்டியவர்களின் குழு ஒன்று திவால் வழக்கில் இருக்கும். அதன் வக்கீலுக்கு எழுதி, இந்த ஃபாதரின் கோப்பு வெளியாக வேண்டும் என்று கேளுங்கள். சபையின் மேல் போடும் வழக்கில் அவர்கள் ஆவணங்களையும் கேட்டு வாங்க முடியும்.

அம்மாவைப் பற்றி. உங்கள் ஃபார்ம் பொதுப் பதிவேட்டில் போகாது, இத்தகைய க்ளெய்ம்களை ரகசியமாக வைக்க நீதிமன்றம் உத்தரவிடுவது வழக்கம். ஊர்ச்சனத்துக்குத் தெரிந்துவிடும் என்ற பயம் அவருக்கு வேண்டாம். ஃபார்மில் தொடர்பு முகவரி கேட்கும் இடத்தில் வக்கீல் அலுவலக முகவரியைக் கொடுங்கள். அடுத்த உறை அவர் வீட்டு வாசலுக்குப் போகாது.